‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்றால் அதை எழுதி வாங்குங்கள்

கேள்வி:

வணக்கம் சார். 14 மாதங்களுக்கு முன்பு ஒரு கடையில் டபுள் டோர் ஃபிரிட்ஜ் வாங்கினோம். ஏழாவது மாதம் கூலிங் நின்றுவிட்டது. கம்பெனி ஆள் வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போனார். பதினோராவது மாதம் அதே கதை, மறுபடி கேஸ். இப்போது மூன்றாவது முறை. சர்வீஸ் சென்டரில் கேட்டால், “ஒரு வருட வாரண்டி முடிந்துவிட்டது. பத்து வருடம் என்பது கம்ப்ரஸருக்கு மட்டும்தான். கேஸுக்கும் கூலிக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டும்” என்கிறார்கள். “உங்கள் வீட்டில் வோல்டேஜ் சரியில்லை” என்று அங்கே வேறு ஒருவர் சொன்னார். கடைக்காரரோ, “விற்றதோடு எங்கள் வேலை முடிந்தது, கம்பெனியிடம் பேசுங்கள்” என்கிறார். பில்லில் எழுத்தே மங்கிவிட்டது. அப்பாவின் இன்சுலின் கெட்டுப்போனது தனி வேதனை. புது ஃபிரிட்ஜ் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? வழக்கு என்று போனால் ஃபிரிட்ஜ் விலையைவிட வக்கீல் செலவு அதிகமாகிவிடுமா? வரும் சனிக்கிழமை மறுபடி ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி வரிதான். சனிக்கிழமை ஆள் வருகிறார். சட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் அந்த வருகையைப் பற்றிப் பேசிவிடுவோம். இந்த மாதிரி வழக்குகளில் பாதி வெற்றி தோல்வி நுகர்வோர் ஆணையத்தில் தீர்மானமாவதில்லை. வீட்டுக் கூடத்தில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், டெக்னீஷியன் நீட்டும் ஒரு சீட்டில் தீர்மானமாகிறது.

ஃபிரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். கம்ப்ரஸர், பின்பக்கக் குழாய்கள், ஃப்ரீஸருக்குள் ஓடும் குழாய்கள் எல்லாம் சேர்ந்து ஒரே மூடிய வளையம். அதற்குள் அடைத்திருக்கும் கேஸ், திரவமாகி ஆவியாகிச் சுற்றிச் சுற்றி வருகிறது. அடுப்பு கேஸ் மாதிரி எரிந்து தீர்வதல்ல, பைக்கில் பெட்ரோல் குறைவது மாதிரிக் குறைவதும் அல்ல. தொழிற்சாலையில் ஒருமுறை அடைத்த கேஸ் அந்த ஃபிரிட்ஜின் ஆயுள் முழுக்க அப்படியே இருக்க வேண்டும். ஆகவே “கேஸ் தீர்ந்துவிட்டது” என்று ஒரு டெக்னீஷியன் சொன்னால், அதற்குப் பொருள் ஒன்றுதான்: எங்கேயோ ஓட்டை இருக்கிறது, கசிகிறது. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸை மட்டும் ஏற்றுவது, பஞ்சரான ட்யூபுக்குக் காற்றடித்து அனுப்புவது போல. நான்கு மாதம் ஓடியது, நின்றது. உங்கள் வீட்டில் நடந்திருப்பது அதுவேதான்.

எனவே ஏழாவது மாதமும் பதினோராவது மாதமும் கம்பெனி உங்கள் ஃபிரிட்ஜைச் சரிசெய்யவில்லை, சரிசெய்ததுபோல ஒன்றைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. இரண்டு முறையும் வாரண்டி உயிரோடு இருந்தது. இப்போது வந்திருப்பது புதிய கோளாறு அல்ல, அதே பழைய கோளாறின் மூன்றாவது தலைகாட்டல். வாரண்டிக் காலத்தில் புகார் செய்யப்பட்டு, ஒழுங்காகத் தீர்க்கப்படாமல் விடப்பட்ட குறைக்கு, வாரண்டி முடிந்த பிறகும் கம்பெனிதான் பொறுப்பு என்று வாதிட உங்களுக்கு வலுவான இடம் இருக்கிறது. உங்கள் வழக்கின் முதுகெலும்பு இதுதான். ஆனால் இதை நீங்கள் சொன்னால் மட்டும் போதாது, காகிதம் சொல்ல வேண்டும்.

அந்தக் காகிதத்துக்குப் பெயர் ஜாப் ஷீட், சில கம்பெனிகளில் சர்வீஸ் ரிப்போர்ட். இப்போதெல்லாம் பல இடங்களில் தாளே கிடையாது. டெக்னீஷியன் தன் போனில் எதையோ தட்டுவார், உங்களுக்கு ஓ.டி.பி. வரும், அதைச் சொன்னதும் “புகார் தீர்க்கப்பட்டது” என்று மூடிவிடுவார்கள். அந்த ஓ.டி.பி.தான் உங்கள் கையெழுத்து. கூலிங் வந்ததா என்று தெரிய பல மணி நேரம் ஆகும், ஆனால் ஓ.டி.பி. ஐந்தே நிமிடத்தில் கேட்பார்கள்.

என் சொந்தக் கதையையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் டிரம்மில் சத்தம் வந்தபோது, வந்த பையன் எதையோ முடுக்கிவிட்டுச் சீட்டை நீட்டினான். நானும் ஏதோ வழக்குக் கட்டைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் பேரிங் போனது. பழைய சீட்டை எடுத்துப் பார்த்தால், “சத்தம் இல்லை, மெஷின் நன்றாக ஓடுகிறது, வாடிக்கையாளருக்குத் திருப்தி” என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து, அழகாக. வக்கீலாகக் கட்சிக்காரர்களுக்கு ‘படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்’ என்று நாளெல்லாம் சொல்கிற ஆள் நான். வீட்டில் இதைச் சொல்லிக்காட்டுவது இன்னும் நிற்கவில்லை.

சரி, சனிக்கிழமை என்ன செய்வது? அவர் வருவதற்கு முன்பே, ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தும் குளிரவில்லை என்பது தெரிகிற மாதிரி போனில் ஒரு வீடியோ எடுத்துவையுங்கள். உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் அதன் அளவும் வீடியோவில் தெரியட்டும். உள்பக்கமோ பின்பக்கமோ ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கும், அதையும் படம் எடுங்கள். அவர் வந்து பார்த்துவிட்டு “கேஸ் இல்லை” என்றால், மூன்று கேள்வி கேளுங்கள். கசிவு எங்கே? போன இரண்டு முறையும் கசிவைத் தேடினார்களா? இது வெளியே இருக்கும் ஜாயின்ட்டில் கசிவா, இல்லை உள்ளே கசிகிற இன்டர்னல் லீக்கா?

மூன்றாவது கேள்விதான் உங்களுக்கு வேண்டியது. வெளியே தெரிகிற ஜாயின்ட்டில் கசிந்தால் அழுத்தச் சோதனை செய்து கண்டுபிடித்து அடைத்துவிடலாம். ஃபிரிட்ஜின் சுவருக்குள், ஃபோம் அடைத்த பகுதியில் ஓடும் குழாயில் கசிந்தால் கதை வேறு. ஃபோமைக் குடைந்து எடுத்துத்தான் அதைத் தொட முடியும். அப்படித் தொட்ட ஃபிரிட்ஜ் பழைய ஃபிரிட்ஜாக இருக்காது. டெக்னீஷியனே “இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது மேடம்” என்று சொல்லிவிடுவார். அவர் வாயால் சொன்ன அந்த வாக்கியத்தைச் சீட்டில் எழுதி வாங்கிவிட்டால், ‘புது ஃபிரிட்ஜ் வேண்டும்’ என்ற உங்கள் கோரிக்கைக்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படாது.

எழுதித் தர மறுத்தால்? பெரும்பாலும் மறுப்பார், அவருக்கும் மேலே சூப்பர்வைசர் இருக்கிறார். சண்டை போடாதீர்கள். அவர் இருக்கும்போதே கம்பெனியின் வாட்ஸ்அப் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ நீங்கள் எழுதிவிடுங்கள்: “இன்று மதியம் 12 மணிக்கு உங்கள் டெக்னீஷியன் வந்து பார்த்து, கேஸ் கசிந்துவிட்டது, கசிவு உள்ளே இருக்கிறது என்று சொன்னார். ஜாப் ஷீட்டில் எழுதித் தர மறுத்துவிட்டார்.” அவ்வளவுதான். அன்றே எழுதப்பட்ட ஒரு வரி, ஆறு மாதம் கழித்து எழுதும் ஆறு பக்கத்தைவிடக் கனமானது. கையெழுத்துக் கேட்டால், “கோளாறு சரியாகவில்லை, ஆட்சேபத்துடன் கையெழுத்திடுகிறேன்” என்று நீங்கள் உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள். ஓ.டி.பி. என்றால், மறுநாள் கூலிங்கைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. அவசரத்துக்கு வெளி மெக்கானிக்கை அழைத்துக் குழாயை அறுக்க விட்டுவிடாதீர்கள். ‘அங்கீகாரம் இல்லாதவர் கைவைத்துவிட்டார்’ என்று கம்பெனி கைகழுவ அது போதும், இருக்கிற ஆதாரமும் போய்விடும். ஆபத்தும் உண்டு: இப்போது வரும் வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றக் கூடிய கேஸ். அதன் பக்கத்தில் தெரியாத ஆள் வெல்டிங் குச்சியோடு நிற்பது நல்லதல்ல.

இனி சட்டம். 1986இல் வந்த பழைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பொருளில் உள்ள ‘குறைபாடு’ ஒன்று, ‘சேவைக் குறைபாடு’ இன்னொன்று. இரண்டையும் அது தனித்தனியே சொல்கிறது. உங்களுக்கு இரண்டும் பொருந்தும். கசிகிற ஃபிரிட்ஜை விற்றது பொருளின் குறைபாடு. இரண்டு முறை வந்தும் கசிவைத் தேடாமல் போனது சேவைக் குறைபாடு. புகாரில் இரண்டையும் எழுதுங்கள். முதலாவதை நிரூபிக்க முடியாமல் போனாலும் இரண்டாவது நிற்கும்.

வாரண்டி அட்டையைத் தாண்டி எனக்கு உரிமையே இல்லையா என்று பலரும் கேட்கிறார்கள். உண்டு. வாரண்டி என்பது கம்பெனி தானாகத் தரும் வாக்குறுதி. அதற்கு அடியில் சட்டம் தரும் உரிமை தனியாக இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும் பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பதை, யாரும் எழுதாமலே ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனையாக வைத்திருக்கிறது. ஏழே மாதத்தில் கேஸ் வெளியேறுகிற ஃபிரிட்ஜ் அந்தத் தரத்தில் இருந்ததா என்று கேட்கலாம். (‘கேரண்டி என்றால் மாற்றித் தருவார்கள், வாரண்டி என்றால் ரிப்பேர் மட்டும்’ என்று நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அட்டையில் எந்த வார்த்தை என்பதை விட, அதன் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு.)

“பத்து வருடம் கம்ப்ரஸருக்கு மட்டும்” என்று அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. பெரிய எழுத்தில் பத்து வருடம் என்று ஸ்டிக்கர் ஒட்டி, அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் கம்ப்ரஸர் என்ற பாகம் மட்டும் இலவசம், கேஸ், ஃபில்டர், கூலி, போக்குவரத்து எல்லாம் தனி என்று போட்டிருப்பார்கள். உங்கள் கம்ப்ரஸர் கெட்டதாக யாரும் சொல்லவில்லை, ஆகவே அந்தப் பத்து வருடத்தைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். அது அவர்களுக்கு வசதியான சண்டை. ‘முதல் வருடத்தில் வந்த குறையை முதல் வருடத்தில் தீர்க்கவில்லை’ என்ற இடத்திலேயே நில்லுங்கள்.

புது ஃபிரிட்ஜ் கிடைக்குமா என்பதற்கு நேர்மையான பதில்: கேட்க உரிமை உண்டு, கிடைப்பது ஆதாரத்தைப் பொறுத்தது. சட்டத்தின் 39ஆவது பிரிவு, குறையை நீக்கித் தரவும், மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடும் வழக்குச் செலவும் தரவும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் எடுத்த எடுப்பில் மாற்றித் தரச் சொல்ல மாட்டார்கள். 2006இல் ஒரு கார் வழக்கில், வாரண்டி நிபந்தனை பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக மட்டும் இருக்கும்போது முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனி வக்கீல்கள் இன்றும் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். அதைத் தாண்ட வேண்டுமானால், இது உற்பத்தியிலேயே வந்த குறை, பாகம் மாற்றித் தீராது என்று நீங்கள் காட்ட வேண்டும். இன்டர்னல் லீக் என்ற இரண்டு சொல்லை எழுதி வாங்கச் சொன்னது இதற்காகத்தான். அது கிடைக்காவிட்டால், பொருளைத் தகுந்த சோதனைக் கூடத்துக்கு அனுப்பி அறிக்கை கேட்க ஆணையத்துக்கே அதிகாரம் இருக்கிறது. அந்தக் கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம்.

வோல்டேஜ் பற்றிச் சொன்னவரைச் சும்மா விடாதீர்கள். ‘வோல்டேஜ்’ என்பது சர்வீஸ் உலகத்தின் பூச்சாண்டி. உங்கள் ஃபிரிட்ஜுக்கு ‘ஸ்டெபிலைசர் தேவையில்லை’ என்று விளம்பரம் செய்திருந்தார்களா என்று பழைய பிரசுரத்தில், பெட்டியில், அவர்கள் இணையதளத்தில் பாருங்கள். பல மாடல்களுக்கு அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். சொல்லியிருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துவையுங்கள். ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று விற்றுவிட்டு வோல்டேஜைக் குறை சொன்னால், ஒன்று விளம்பரம் பொய், இல்லை இந்தச் சாக்கு பொய். அப்புறம் எளிமையான ஒரு விஷயம்: வோல்டேஜ் ஏறி இறங்கினால் கம்ப்ரஸரோ சர்க்யூட் போர்டோ போகலாம், மூடிய குழாயிலிருந்து கேஸ் எப்படி வெளியே போகும்? சனிக்கிழமை வருபவரிடம் மீட்டரை வைத்து அளந்து அந்த எண்ணைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பல சமயம் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

கடைக்காரர் சொன்னது தவறு. பணம் வாங்கியது அவர், பில் போட்டது அவர், ஒப்பந்தம் அவரோடுதான். புகாரில் கடையை முதல் எதிர்தரப்பாகவும் உற்பத்தியாளரை இரண்டாவதாகவும் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால், வராதவர் மேல் பழியைப் போட்டுவிட்டு வந்தவர் தப்பித்துக்கொள்வார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தாலும் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதையே 2019ஆம் ஆண்டுச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. உங்கள் விஷயத்தில் அந்த 30 நாள் எப்போதோ கடந்துவிட்டது, ஆனால் அடுத்த முறை ஏதாவது வாங்கும்போது நினைவிருக்கட்டும். ‘வழக்குகள் இன்ன நகரத்து நீதிமன்றத்தில் மட்டும்’ என்ற வரியும் நுகர்வோர் புகாரைத் தடுக்காது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி இது.

மங்கிய பில்லுக்கு வருவோம். அது சூட்டில் அச்சாகும் தெர்மல் தாள். வெயிலும் வெக்கையும் பட்டால் வெளுக்கும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் செய்துவிடாதீர்கள், அந்தச் சூட்டில் தாளே கறுத்துப்போகும். கடைக்குப் போய் உங்கள் போன் எண்ணைச் சொல்லி நகல் கேளுங்கள். “பழைய பில்லெல்லாம் இல்லை” என்றால் நம்பாதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி அவர்கள் கணக்குகளையும் பதிவேடுகளையும், அந்த ஆண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கார்டிலோ யுபிஐயிலோ பணம் கட்டியிருந்தால் வங்கிப் பதிவும் இருக்கும். கம்பெனியின் வாடிக்கையாளர் பதிவில் வாங்கிய தேதி ஏறியிருக்கும், இரண்டு முறை இலவசமாக கேஸ் ஏற்றியதே ஃபிரிட்ஜ் அப்போது வாரண்டியில் இருந்தது என்பதற்குச் சாட்சி.

அடுத்தது கடிதம். வக்கீல் நோட்டீஸ் இல்லாமல் புகார் செய்ய முடியாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, சட்டத்தில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் நீங்களே ஒரு கடிதம் எழுதிவிடுவது நல்லது. மனக்குமுறலையெல்லாம் கொட்டாமல், இந்த அளவுக்கு எழுதினால் போதும்:

“இன்ன மாடல், இன்ன சீரியல் எண் கொண்ட ஃபிரிட்ஜை இன்ன தேதியில் வாங்கினேன். இன்ன இரண்டு தேதிகளில் கூலிங் இல்லை என்று புகார் பதிந்தேன். புகார் எண்கள் இவை. இரண்டு முறையும் கேஸ் நிரப்பப்பட்டது, கசிவு கண்டறியப்படவில்லை. இரண்டும் வாரண்டிக் காலத்துக்குள் நடந்தவை. அதே குறை இப்போது மூன்றாம் முறையாக வந்துள்ளது. கசிவைக் கண்டறிந்து கட்டணமின்றி நிரந்தரமாகச் சரிசெய்து தரவும். இயலாதெனில் ஃபிரிட்ஜை மாற்றித் தரவும், அல்லது விலையைத் திருப்பித் தரவும். 15 நாட்களுக்குள் தீர்வு இல்லையெனில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்வேன்.”

கடைக்கு ஒன்று, கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ஒன்று, ஸ்பீட் போஸ்ட்டில். அதையே மின்னஞ்சலிலும். அனுப்பிய ரசீதை இந்தக் கடிதத்தோடு பின் செய்துவையுங்கள். இதே நாட்களில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். ஆனால் சர்வீஸ் சென்டர் வாசலைத் தாண்டி, கம்பெனித் தலைமையில் ஒருவர் கண்ணில் உங்கள் புகார் படுவதற்கு அது நல்ல வழி. பல பிரச்சினைகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. உங்களுடையதும் தீர்ந்தால் எனக்கு மகிழ்ச்சி, வக்கீலாக இருந்தாலும்.

இந்த இடைவெளியில் ஃபிரிட்ஜ் இல்லாமல் எப்படி இருப்பது? வேறு வழியில்லை என்றால் கம்பெனி ஆளிடமே பணம் கட்டிக் கேஸ் ஏற்றிக்கொள்ளுங்கள், ஆனால் “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திரும்பக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை” என்று எழுதி அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். ரசீது வாங்குங்கள். அந்தத் தொகையையும் புகாரில் சேர்த்துக் கேட்கலாம்.

ஆணையத்துக்குப் போகும் செலவை நினைத்துத்தான் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் ஒரு பைசா கூடக் கிடையாது. விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும், ஃபிரிட்ஜ் எல்லாம் அதில் மூலையில் அடங்கிவிடும். வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, நீங்களே பேசலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகார் தாக்கல் செய்யலாம், காணொலி வழியாக ஆஜராகவும் கேட்கலாம். நடந்ததைத் தேதி வரிசையில் எழுதிய புகார், ஒரு பிரமாண வாக்குமூலம், பில், ஜாப் ஷீட்கள், கடிதங்கள், வாட்ஸ்அப் பதிவுகளின் அச்சு, இவ்வளவுதான். போனை மாற்றினாலும் பழைய போனை விற்றுவிடாதீர்கள், அசல் பதிவு அதில்தான் இருக்கிறது.

எவ்வளவு நாளாகும்? ஆணையத்தின் நோட்டீஸ் எதிர்தரப்புக்குக் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட இழுக்கும், பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் எதிர்தரப்பு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், அதற்கு மேல் 15 நாள்தான் நீட்டிக்க முடியும். நோட்டீஸ் போனதுமே ‘பேசித் தீர்த்துக்கொள்ளலாமா’ என்று கம்பெனியிலிருந்து போன் வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால் பேசுங்கள், ஆனால் ஃபிரிட்ஜ் கைக்கு வரும் முன் புகாரை வாபஸ் வாங்காதீர்கள். உத்தரவு வாங்கியும் அவர்கள் நிறைவேற்றாவிட்டால், அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடலாம். மீறினால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது.

இன்சுலின் விஷயத்தில் மருந்துக் கடை பில்லையும் டாக்டர் சீட்டையும் எடுத்துவையுங்கள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், அந்த அட்டைப் பெட்டியும் சாட்சிதான். கெட்ட மருந்தின் விலையைத் தனி இனமாகக் கேளுங்கள். மன உளைச்சலுக்கு என்று கேட்பதில் நிதானம் வேண்டும். ஃபிரிட்ஜுக்கு ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்டு வரும் புகார்களைப் பார்த்தால் ஆணையத்தில் முதல் பார்வையிலேயே ஒரு சலிப்பு வந்துவிடுகிறது. ரசீதோடு கேட்கும் சிறிய தொகைக்கு மதிப்பு அதிகம்.

ஆன்லைனில் வாங்கிய மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்துக்குக் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் கடமைப்பட்டவர். மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான். கடைக்கோ தொழிலுக்கோ லாப நோக்கில் வாங்கிய ஃபிரிட்ஜ் என்றால் இந்தச் சட்டத்தில் நீங்கள் ‘நுகர்வோர்’ ஆவதே சிக்கல். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியதற்கு மட்டும் விலக்கு உண்டு.

கடைசியாகக் கெடு. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்துக்குப் போயாக வேண்டும். மூன்றாவது கோளாறிலிருந்து எண்ணலாம் என்று வாதிடலாம், ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் கோளாறிலிருந்தே எண்ணுவேன். அது ஏழாவது மாதம், இப்போது பதினான்காவது மாதம், ஆகக் கையில் 17 மாதம் இருக்கிறது. கம்பெனிக்கு மாற்றி மாற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் இந்தக் கெடு நீளாது. ‘மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், காத்திருங்கள்’ என்ற குறுஞ்செய்தியை நம்பி வருடத்தை ஓட்டியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். சனிக்கிழமை முடிந்ததும் அந்த ஜாப் ஷீட்டை இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் புகாரை எப்படி அமைப்பது என்று சொல்கிறேன்.